இரட்டைக் குழல்

நாற்பதைத் தாண்டிய ஆண்கள் நான்கு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். "இதுவரை நீங்கள் வைத்திருந்ததிலேயே நல்ல வண்டி எது?" இப்போது வாசலில் நிற்கும் வண்டியின் பெயரை ஒருவர்கூடச் சொல்ல மாட்டார். விற்றுவிட்ட வண்டியைத்தான் சொல்வார். கூடவே அதன் பதிவு எண்ணையும் சொல்வார். மனைவியின் கைபேசி எண்ணைக் கேட்டால் திணறுகிறவருக்கும் இருபது வருஷத்துக்கு முந்தைய வண்டி எண் தடங்கலில்லாமல் வரும்.

ராஜ்தூத், புல்லட், ஆர்.எக்ஸ். 100 என்று பட்டியல் நீளும். என்னுடைய ஓட்டு யெஸ்டி ரோட் கிங்குக்கு. தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு 2001-இல் பெங்களூருக்கு வேலைக்கு வந்த புதிதில், ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கிய 1984 மாடல் வண்டி. எனக்கு முன்னால் மூன்று பேர் அதை ஓட்டியிருந்தார்கள். நான் எட்டு வருஷம் ஓட்டினேன். அதற்குப் பிறகு வாங்கிய வண்டிகள் எல்லாமே அதைவிடச் சிக்கனமானவை, சொன்ன பேச்சைக் கேட்பவை. ஆனாலும் அவற்றின் எண்களை ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இளமையின் மீதுள்ள ஏக்கத்தைத்தான் இரும்பின் மீது ஏற்றிப் பேசுகிறோம் என்பார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த வண்டி செய்யப்பட்ட விதத்தில் இருக்கிறது.

யெஸ்டியின் பூர்வீகம் ஐரோப்பா. 1929-இல் ஃபிரான்டிசெக் யானெசெக் என்ற செக்கோஸ்லோவாகியத் தொழிலதிபர், ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்திடமிருந்து மோட்டார் சைக்கிள் பிரிவை வாங்கினார். தன் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளையும் வாண்டரரின் முதல் இரண்டு எழுத்துகளையும் சேர்த்து 'ஜாவா' என்று பெயர் வைத்தார். காப்பிக்குப் பேர்போன தீவுக்கும் இந்த வண்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ருஸ்தம் இரானி, ஃபரூக் இரானி ஆகியோர் 1960-இல் ஐடியல் ஜாவா நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மைசூர் யாதவகிரியில் எழுந்த தொழிற்சாலையிலிருந்து 1961-இல் வண்டிகள் வெளிவரத் தொடங்கின. ஆலையைத் திறந்துவைத்தவர், மகாராஜாவாக இருந்து அப்போது மாநில ஆளுநராகியிருந்த ஜெயசாமராஜ உடையார். 1973-லிருந்து வண்டிக்கு 'யெஸ்டி' என்று சொந்தப் பெயர் வந்தது. ஜொராஷ்டிரர்களின் பழைய ஊரான ஈரானின் யாஸ்து நகரத்தை நினைத்து வைத்த பெயர் என்று சொல்வார்கள். செக் மொழியிலோ ஏறக்குறைய அதே உச்சரிப்புள்ள சொல்லுக்கு 'வண்டியில் போய்வருகிறான்' என்று பொருள். மொழிபெயர்த்துப் பிழைக்கிறவனுக்கு இரண்டு பக்கமும் பொருள் தரும் பெயருள்ள வண்டி கிடைத்தால் விடுவானா?

ஓட்டாதவர்களுக்காக வண்டியைக் கொஞ்சம் விவரிக்கிறேன். சுமார் 250 சிசி, டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். சிலிண்டர் ஒன்றுதான், புகைக்குழல் இரண்டு. பக்கத்துக்கு ஒன்றாக நீண்டிருக்கும் அந்த இரட்டைக் குழலிலிருந்து வரும் சத்தத்தை வேறு எந்த வண்டியின் சத்தத்தோடும் குழப்பிக்கொள்ள முடியாது. தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிடுவார்கள். கியர் போடும் லீவரேதான் வண்டியை உதைக்கும் லீவரும். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர். கிளம்பியதும் முன்பக்கம் மடக்கினால் கியர். இந்த ரகசியம் தெரியாதவர் எவ்வளவு நேரம் தேடினாலும் உதைப்பதற்கு எதுவும் அகப்படாது. அதனால் இரவல் கேட்பவர்கள் தொல்லை குறைவு. கியரை மிதிக்கும்போது கிளட்ச் தானாகவே விடுபடும்படி ஓர் ஏற்பாடும் உண்டு. கிளட்ச் வயர் அறுந்துபோனாலும் வீடு வந்து சேர்ந்துவிடலாம். பெட்ரோல் போடும்போதெல்லாம் லிட்டருக்கு முப்பது நாற்பது மில்லி டூ-டி ஆயிலைக் கணக்காக ஊற்றிக் கலக்க வேண்டும். மறந்தால் எஞ்சின் இறுகிவிடும். ஓட்டுகிறவனின் ஞாபகசக்தியும் வண்டியின் ஓர் உதிரிப்பாகம்.

வண்டியைக் கற்றுக்கொடுத்தவர் சிவாஜிநகர் பக்கத்தில் வேப்பமரத்தடியில் கடை வைத்திருந்த ஒரு மெக்கானிக். எல்லோருக்கும் அவர் 'பாய்'. வாடிக்கையாளரோடு தமிழ், பையனோடு உருது, போலீஸ்காரரோடு கன்னடம். முதல் நாள் நான் ஸ்பேனரை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதை வைங்க சார். மொதல்ல காதைக் குடுங்க. என்ன வேணும்னு அதுவே சொல்லும்."

சொல்லத்தான் செய்தது. பிளக்கில் எண்ணெய் படிந்தால் ஒரு தடுமாற்றம். பாயிண்ட் தேய்ந்தால் ஒரு விக்கல். குழலுக்குள் கரி அடைத்துக்கொண்டால் சளி பிடித்தவன் குரல். பாயிண்டின் இடைவெளியை அளக்க பாயிடம் அளவுகோல் எதுவும் இருந்ததில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துக் கிழித்து நடுவில் நுழைத்துப் பார்ப்பார். சரியாக இருக்கும். கரியை எடுக்கக் குழலைக் கழற்றி காஸ்டிக் சோடாவில் ஊறப்போடுவார். ஜே.சி. ரோட்டில் கிடைக்காத சாமான் சிவாஜிநகர் குஜரியில் கிடைக்கும். அங்கேயும் கிடைக்காவிட்டால் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம்.

தமிழ் படித்தவர்களுக்குப் பகுபத உறுப்பிலக்கணம் நினைவிருக்கும். பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று ஒரு சொல்லை ஆறாகப் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடியும் சேர்ப்பது. வகுப்பில் தலைவலியாக இருந்த அந்தப் பயிற்சியின் சுகம் எனக்கு வேப்பமரத்தடியில்தான் பிடிபட்டது. கோணிச்சாக்கின் மேல் கார்பரேட்டர் கழற்றிக் கிடக்கும். எந்தத் துண்டு எதற்கு என்று தெரியும். தெரிந்ததும் வண்டியின் மீதிருந்த பயம் போய்விட்டது. பயம் போன இடத்தில்தான் பிரியம் வந்தது.

ராபர்ட் பிர்சிக் என்ற அமெரிக்கர் 1974-இல் ஜென் தத்துவத்தையும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் சேர்த்து ஒரு புத்தகம் எழுதிப் புகழ்பெற்றார். அதில் ஒரு சம்பவம் வருகிறது. நண்பரின் விலையுயர்ந்த பி.எம்.டபிள்யூ. வண்டியில் ஹேண்டில்பார் ஆடுகிறது. காலி பீர் டப்பாவிலிருந்து ஒரு தகட்டை வெட்டிச் செருகினால் போதும் என்கிறார் பிர்சிக். நண்பருக்கு அது வண்டிக்குச் செய்கிற அவமரியாதையாகப் படுகிறது. வண்டியை ஓட்ட ஆசை, அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பிரியமில்லை என்பவர்களைப் பற்றிய கதை அது. பீர் டப்பாவும் விசிட்டிங் கார்டும் ஒரே ஜாதி. பாய் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. படிக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இருக்கவில்லை.

இத்தனை நல்ல வண்டி ஏன் நின்றுபோனது? இந்த இடத்தில்தான் பழைய வண்டிப் பிரியர்கள் பேச்சை மாற்றுவார்கள். மாற்றக் கூடாது. 1984-இல் பெங்களூருக்குப் பக்கத்திலேயே ஓசூரிலிருந்து இந்த்-சுசூகி வந்தது. 1985-இல் ஹீரோ ஹோண்டா வந்தது, ஆர்.எக்ஸ். 100-ம் வந்தது. ஹீரோ ஹோண்டா ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி. லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் என்று பேச்சு. யெஸ்டி முப்பது கொடுத்தாலே நாங்கள் பாயைக் கட்டிப்பிடித்துக்கொள்வோம். மாதச் சம்பளக்காரன் எந்தப் பக்கம் போவான் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

பெட்ரோல் கணக்கோடு புகைக் கணக்கும் சேர்ந்துகொண்டது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் புதிய எரிபொருள் உள்ளே வரும் வழியும் எரிந்த புகை வெளியே போகும் வழியும் ஒரு கணம் சேர்ந்தே திறந்திருக்கும். அந்தக் கணத்தில் எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு, எண்ணெயோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். நாங்கள் முகர்ந்து மகிழ்ந்த அந்த வாசனை அதுதான். வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது வாசனை. சிக்னலில் பின்னால் நின்ற பெண்ணுக்கும், பிளாட்பாரத்தில் பூ விற்றவருக்கும் அது இருமல். இந்தியாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு 1991-இல் புகைக் கட்டுப்பாடு வந்தது, 1996-இல் இறுகியது, 2000-இல் இன்னும் இறுகியது. இரண்டாவது இறுக்கம் வந்த அதே 1996-இல் மைசூர் தொழிற்சாலை மூடப்பட்டது. 2001-இல் நிறுவனத்தைக் கலைக்கும்படி கர்நாடக உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வாகனங்களின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்ட இன்றைய பெங்களூரில் அத்தனையும் யெஸ்டியாக இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மூச்சு முட்டும்.

வண்டியை நினைத்து உருகுகிறவர்கள் அதைச் செய்தவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு. 2004-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிறந்த வீட்டைக் காட்டிவிட்டு வரலாம் என்று யெஸ்டியை மைசூருக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ராமநகரம், சென்னபட்டணம், மத்தூரில் வடை, மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணம். யாதவகிரியில் ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்து வந்து டாங்கின் மேல் கையை வைத்தார். "யாவ வர்ஷ?" என்று கேட்டார். எண்பத்து நாலு என்றேன். குனிந்து, சட்டத்தில் பற்றவைத்திருந்த ஒரு மூட்டை விரலால் தடவிப் பார்த்தார். அந்த வருஷம் வெல்டிங் பிரிவில்தான் இருந்தாராம். ஆலை மூடிய பிறகு ஒரு லாட்ஜில் இரவுக் காவல். கையை எடுக்காமலே சொன்னார். என் டீக்கும் அவரே காசு கொடுத்தார். நான் கொடுக்க முயன்றபோது, வீட்டுக்கு வந்தவர் காசு கொடுப்பதில்லை என்று கன்னடத்தில் சொன்னார்.

அவருடைய கைவேலையைத்தான் பாய் எனக்குப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். செய்த கைக்கும் பழுதுபார்த்த கைக்கும் நடுவில் எந்தப் பூட்டும் இருக்கவில்லை. நல்ல வண்டி என்று நான் சொல்வது இதைத்தான்.

ஜாவா 2018 நவம்பரில் திரும்பி வந்தது. யெஸ்டி 2022 ஜனவரியில். வேறு நிறுவனம், வேறு ஊர், புகை விடாத ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின். ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்தும் புகையே இல்லாத மின் ஸ்கூட்டர்கள் வருகின்றன. நுரையீரலுக்கு நல்லது. இரண்டு கையாலும் வரவேற்கலாம். ஆனால் எந்தக் கம்பெனியின் புது வண்டியை எடுத்துக்கொண்டாலும் இன்றைக்கு முதலில் கேட்கப்படுவது காது அல்ல, கம்ப்யூட்டர். ஒயரைச் செருகி அது சொல்லும் எண்ணைப் படித்தால்தான் நோய் தெரியும். அந்தக் கருவியும் அதைத் திறக்கும் அனுமதியும் இருக்கிறவரிடம்தான் வண்டி போக வேண்டும். வேப்பமரத்தடிக்கு அது வருவதில்லை.

புகை போனதற்கு விலையாகத் திறக்கும் உரிமையும் போக வேண்டும் என்று எந்த இயற்பியல் விதியும் சொல்லவில்லை. புகை எஞ்சினின் குணம். பூட்டு, தயாரிப்பவர் எடுக்கும் முடிவு. வாங்கிய பொருளைத் தானே பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாதனங்களோடு வாகனங்களும் அதன் பட்டியலில் இருந்தன. சாவி மெக்கானிக்கின் கைக்கு வந்துசேர வேண்டும். நம் ஊரில் சாதனங்களின் ஆயுள் தொழிற்சாலையோடு முடிவதில்லை. தெருவில்தான் அதில் பாதி கழிகிறது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே தொழில் கற்றுக்கொண்ட லட்சக்கணக்கானவர்களின் சோறும் அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

2009-இல் யெஸ்டியை ஒரு பொறியியல் மாணவருக்கு விற்றேன். விலை பேசுவதற்கு முன்னால் அவர் டூல் பெட்டியைத்தான் திறந்து பார்த்தார். சரியான கைக்குத்தான் போகிறது என்று தெரிந்ததால் ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை வண்டி வாங்க ஷோரூமுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மைலேஜ் கேளுங்கள், விலை கேளுங்கள், கலர் கேளுங்கள். எல்லாம் முடிந்தபிறகு இதையும் கேளுங்கள்: "எங்கள் தெரு மெக்கானிக் இதைக் கழற்ற முடியுமா?" டை கட்டிய தம்பி மேனேஜரைத் திரும்பிப் பார்த்தால், அதுதான் பதில்.