சாரணர் கூடாரத்தில் யாருக்கு நாற்றம் அடிக்கிறது?

எட்டாம் வகுப்பு படிக்கும்போது முதன்முதலாகச் சாரணர் முகாமுக்குப் போனேன். கூடாரத்துக்கு எட்டுப் பேர். எல்லோருக்கும் ஒரே சாம்பல் சட்டை, ஒரே நீலக் கால்சட்டை, கழுத்தில் ஒரே ஸ்கார்ஃப். முதல் நாள் இரவே எங்கள் கூடாரத்துப் பையன் ஒருவன் சாரண ஆசிரியரிடம் போய்ச் சொன்னான்: "சார், இவன் மேல தோல் ஷாப்பு நாத்தம் அடிக்குது. தூங்க முடியல."

அப்பா பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தார். நான் அந்த வாரம் ஷாப்புப் பக்கமே போகவில்லை. என் சட்டை கடன் வாங்கித் தைத்த புதுச் சட்டை. சார் அவனைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு கடைசிக் கூடாரத்துக்குப் போகச் சொன்னார். அங்கே ஏற்கெனவே எங்கள் தெருப் பையன்கள் மூன்று பேர் படுத்திருந்தார்கள். காலையில் எழுந்து கொடியேற்றினோம். ஒவ்வொரு சாரணனும் மற்ற சாரணனுக்குச் சகோதரன் என்று எல்லோரும் சேர்ந்து விதி சொன்னோம்.

இன்று நானே ஆம்பூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியர். சாரண ஆசிரியரும்கூட. "சீருடை போட்டுவிட்டால் சாதி தெரியாது" என்று எங்கள் கூட்டங்களில் இப்போதும் சொல்கிறார்கள். யாருக்குத் தெரியாது? அந்தப் பையனுக்கு இருட்டிலேயே தெரிந்தது. சாருக்கும் தெரிந்திருந்ததால்தான் என்னை எந்தக் கூடாரத்துக்கு அனுப்ப வேண்டும் என்று யோசிக்கக்கூட அவருக்கு நேரம் தேவைப்படவில்லை. சீருடை சாதியை மறைக்கவில்லை. சாதியைப் பற்றிப் பேச வேண்டிய கடமையிலிருந்து பெரியவர்களுக்கு விடுப்பு கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இந்த விடுப்புக்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது. 1909இல் இந்தியாவுக்கு வந்த சாரணர் இயக்கம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டுமே இருந்தது. இந்தியச் சிறுவர்களைச் சேர்க்க மறுத்தார்கள். அதை எதிர்த்து 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை கட்டினார்கள். இதைத் தேசியப் பெருமையாகப் பாடம் நடத்துவார்கள்.

அதே அன்னி பெசன்ட் 1909இல் எழுதிய கட்டுரையைப் பற்றி எந்தச் சாரணர் வகுப்பிலும் சொல்ல மாட்டார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளின் உடல் தலைமுறை தலைமுறையாக உண்ட உணவாலும் குடியாலும் நாற்றமடிக்கிறது, மேல்சாதிப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பறையில் நெருங்கி உட்காரும் தகுதி வர இன்னும் சில தலைமுறை ஆகும் என்று வாதிட்ட கட்டுரை அது. காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்டு எழுதிய நூலில் அம்பேத்கர் இதை விரிவாக எடுத்துக்காட்டி அம்பலப்படுத்தியிருக்கிறார். வெள்ளைக்காரன் இந்தியச் சிறுவனை ஒதுக்கியபோது கோபம் வந்தது. இந்தியச் சிறுவன் இந்தியச் சிறுவனை ஒதுக்கியபோது அது சுகாதாரம் ஆகிவிட்டது. எங்கள் கூடாரத்தில் அன்றிரவு எழுந்த புகார் அந்தப் பையன் கண்டுபிடித்தது அல்ல. சென்னைச் சாரணர் இயக்கத்தை விடவும் ஏழு வயது மூத்த புகார் அது.

1908இல் பேடன் பவல் எழுதிய சாரணர் விதி, மற்றவன் எந்தச் சமூக வர்க்கத்தைச் சேர்ந்தவனாக இருந்தாலும் அவனைச் சகோதரனாக நினைக்கச் சொன்னது. இங்கிலாந்தில் பிள்ளைகளைப் பிரிப்பது வர்க்கம் என்பதால் அந்தச் சொல்லை எழுதினார். இங்கே பிள்ளைகளைப் பிரிப்பது எது என்று நமக்குத் தெரியும். பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950இல் உருவானது. அதே ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனால் நம் சாரணர் விதியில் சாதி என்ற சொல் இல்லை. எண்ணத்தில், சொல்லில், செயலில் தூய்மை என்ற விதி மட்டும் இருக்கிறது. தூய்மை என்ற சொல்லை இந்த ஊரில் யாரைப் பார்த்துச் சொல்வார்கள் என்று தோல் ஷாப்புக்காரர் பிள்ளைகளைக் கேளுங்கள்.

அடுத்தது சீருடை. சாதாரணப் பள்ளிச் சீருடையை அரசு விலையில்லாமல் கொடுக்கிறது. என் பள்ளியில் சாரணர் சீருடையைப் பெற்றோர்தான் வாங்க வேண்டும். சட்டை, கால்சட்டை, தொப்பி, ஸ்கார்ஃப், சின்னங்கள், பெல்ட், கறுப்பு ஷூ. ஆம்பூரில் அம்மாக்கள் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார்கள். கம்பெனிக்குப் போக முடியாதவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைக்கிறார்கள். அவர்கள் தைத்த ஷூ ஐரோப்பாவுக்குப் போகிறது. அவர்கள் பிள்ளை "ஷூ இல்லை" என்ற காரணத்துக்காக அணிவகுப்பின் கடைசி வரிசைக்குப் போகிறான். சாரணியர் வகுப்பு சனிக்கிழமை. அன்றைக்கும் கம்பெனி உண்டு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பெண்பிள்ளை நான்கு வாரம் வராவிட்டால் "ஆர்வம் இல்லை" என்று பெயரை அடித்துவிடுகிறோம்.

இது வெறும் பொழுதுபோக்கு, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சில தோழர்கள் கேட்கலாம். திரிதிய சோபான், ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி விருது என்று படிப்படியாக ஏறும் ஏணி இது. ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு என்றே தனியாக வேலைவாய்ப்பு இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க ராஷ்டிரபதி விருது போன்ற தகுதி வேண்டும். முகாமுக்கு முகாம் பணம் கட்டியவன், சனிக்கிழமை தவறாமல் வர முடிந்தவன், சார் மனதில் பிடித்த இடத்தில் நின்றவன்தான் அந்தப் படிக்கு வந்து சேருகிறான். எங்கள் இட ஒதுக்கீட்டைப் பார்த்துத் தகுதி போச்சு, திறமை போச்சு என்று ஒப்பாரி வைப்பவர்கள் இந்த ஒதுக்கீட்டைப் பற்றி வாயே திறப்பதில்லை.

2017 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாடு சாரண சாரணியர் இயக்கத் தலைவர் தேர்தலில் பா.ஜ.க.வின் எச்.ராஜா நின்றார். 52 வாக்குகள் வாங்கினார். எதிர்த்து நின்ற முன்னாள் கல்வித்துறை இயக்குநர் மணி 232 வாக்குகள் வாங்கி வென்றார். அன்று நாம் எவ்வளவு மீம்ஸ் போட்டோம்! நானும் பகிர்ந்தேன். மறுநாள் அந்த இயக்கத்தை மறந்துவிட்டோம். ராஜா உள்ளே வராமல் தடுத்தது சரி. ஏற்கெனவே உள்ளே இருந்தது என்ன என்று நம்மில் யார் கேட்டோம்? மனுவுக்குத் தேர்தல் தேவையில்லை. கூடாரத்தைப் பிரிக்க ஒரு நல்ல சாரே போதும்.

அந்த நல்ல சாரை உருவாக்கும் இடம் பயிற்சி முகாம். நானும் ஏழு நாள் இருந்தேன். முடிச்சுப் போடவும், கூடாரம் அடிக்கவும், முதலுதவி செய்யவும், விசில் ஊதிக் கூட்டம் சேர்க்கவும் கற்றுக்கொண்டேன். நல்ல பயிற்சிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையோடு படுக்க மாட்டேன் என்று சொன்னால் என்ன செய்வது என்பதற்கு ஏழு நாளில் அரை மணி நேரம்கூட இல்லை. பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பாம்பு கடித்த பிள்ளை எவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

மேற்பயிற்சி முடித்தவர்கள் கழுத்தில் இரண்டு சிறிய மரமணி கோத்த தோல் வாரை மாட்டுவார்கள். ஹிமாலயா உட் பேட்ஜ் என்று பெயர். அந்த மணிகளின் மூலம் ஜூலு மன்னர் தினுசூலுவின் கழுத்தணி. 1888இல் அவருக்கு எதிரான படையெடுப்பில் போனபோது பேடன் பவல் கொண்டுவந்தது. 1919இல் லண்டன் அருகே கில்வெல் பூங்காவில் நடந்த முதல் பயிற்சி முதல் இது வழக்கமாக இருக்கிறது. ஒடுக்கப்பட்ட ஒரு கறுப்பின மன்னரின் அணியைப் பெருமையாகக் கழுத்தில் போடுகிறோம். தோல் வாரையும் பெருமையாகத்தான் போடுகிறோம். அந்தத் தோலைப் பதனிட்டவரின் மகன் பக்கத்தில் படுத்தால் மட்டும் நாற்றம்.

"ராணுவ மனப்பான்மையை வளர்க்கும் வெள்ளைக்காரன் இயக்கம், நமக்கு எதற்கு?" என்று கேட்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் இயக்கங்கள் சீருடையை வெறுத்ததில்லை. அம்பேத்கர் உருவாக்கிய சமதா சைனிக் தளம் இருந்தது. திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டைப் படையைக் கண்டு பயந்து 1948இல் அரசு தடை போட்டது. நாம் வேண்டாம் என்று விட்டுப்போன மைதானம் காலியாகக் கிடக்காது. விடியற்காலையில் அங்கே ஷாகா நடக்கும். சீருடையின் அரசியல் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2011இல் ஆர்.எஸ்.எஸ். தன் சீருடையிலிருந்து தோல் பெல்ட்டை எடுத்துவிட்டுக் கேன்வாஸ் பெல்ட்டுக்கு மாறியது. அகிம்சை என்று காரணம் சொன்னார்கள். தோலோடு வாழும் ஊரில் நிற்கும் எனக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது. தோல் பெல்ட்டைக் கழற்றத் தெரிந்தவர்களுக்குச் சாதியைக் கழற்றத் தோன்றவில்லை.

அதனால் சாரணர் இயக்கத்தை விட்டு வெளியேறச் சொல்லவில்லை. மாற்றச் சொல்கிறேன். என் கோரிக்கைகள் இவை.

முதலாவது, சாரணர் சீருடை முழுவதையும் அரசு கொடுக்க வேண்டும். ஷூவையும் பெல்ட்டையும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் தொழிலாளர்களின் சுய உதவிக் குழுக்களிடம் நியாய விலைக்கு வாங்க வேண்டும். தன் அம்மா தைத்த ஷூவோடு பிள்ளை முன்வரிசையில் நிற்கட்டும். அதுவரை ஷூ இல்லை என்று எந்தப் பிள்ளையையும் பின்னுக்குத் தள்ளக் கூடாது.

இரண்டாவது, சாரண ஆசிரியர் பயிற்சியில் ஒரு முழு நாள் சாதிக்கு ஒதுக்க வேண்டும். 17ஆவது பிரிவு, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், கூடாரப் புகார் வந்தால் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது. பயிற்றுநர்களில் தலித் ஆண்களும் பெண்களும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, முகாமுக்கு எழுதப்பட்ட விதி வேண்டும். கூடாரம் குலுக்கல் முறையில். கழிவறை சுத்தம் சுழற்சி முறையில், முதல் முறை சாரண ஆசிரியருடையது. சாப்பாட்டிலும் ஒருவர் வீட்டு உணவை அசுத்தம் என்று சொல்ல இடமிருக்கக் கூடாது. 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்று அரசு நிர்வாகமே முடிவெடுத்தது. ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் கேள்வி கேட்க வேண்டி வந்தது. பெரியவர்களின் திருவிழாவிலேயே இந்த நிலை என்றால் பிள்ளைகளின் முகாம் அடுப்பை யார் கேட்பது?

நான்காவது, உறுதிமொழி. கடவுள் என்ற சொல்லுக்குப் பதில் விரும்பினால் தர்மம் என்று சொல்லலாம் என்கிறது நம் இயக்கம். வருண தர்மத்தால் மிதிபட்டவன் பிள்ளைக்கு இது என்ன விருப்பம்? கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு மாற்று உறுதிமொழியைப் பிரிட்டன் சாரணர் சங்கமே 2013இல் அறிவித்துவிட்டது. இங்கே அரசமைப்புச் சட்டத்தின் பெயரால் உறுதி சொல்லும் வாய்ப்பு வேண்டும்.

ஐந்தாவது, 2023இல் நாங்குநேரியில் உடன் படித்த மாணவர்களே ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய பிறகு நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அது அறிக்கை கொடுத்தது. சாதிக்கயிறுக்குத் தடை கேட்டது. எல்லாச் சமூகத்து மாணவர்களும் சேர்ந்த, தனிச் சீருடை கொண்ட சமூக நீதி மாணவர் படையையும் பரிந்துரைத்தது. அதை உடனே உருவாக்குங்கள். அந்தப் படையின் பாடங்களைச் சாரணர் படைக்கும் கட்டாயமாக்குங்கள்.

இளம் தோழர்களே, அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கு வெளியிலும் திறந்தநிலைச் சாரணர் குழு தொடங்க இயக்க விதியிலேயே வழி இருக்கிறது. உங்கள் ஊர் இரவுப் பாடசாலையில் ஒன்று தொடங்குங்கள். பயிற்சிக்குப் போங்கள், மரமணி வாங்குங்கள், உள்ளே உட்கார்ந்து கேள்வி கேளுங்கள்.

கடைசியாக நான் நடத்திய முகாமில் கூடாரங்களுக்குக் குலுக்கல் போட்டேன். அன்றிரவே ஒரு அப்பா போனில் அழைத்தார். "என் பையனை ஏன் சார் அந்தப் பசங்களோட போட்டீங்க? எந்த ரூல்ல இருக்கு?" என்றார். பையனை மாற்றவில்லை. ஆனால் அவர் கேட்டதற்குக் காட்ட என் கையில் ஒரு காகிதம் இல்லை. எனக்கு அந்தக் காகிதம் வேண்டும்.