கேளாத தீர்ப்பு

ஒருவரைத் தள்ளிவைக்கும் ஊர்க்கூட்டமும் குற்றம் இன்னதெனக் கூறி, அவர் மறுமொழியைக் கேட்டல் வேண்டும். சமூக ஊடக நிறுவனங்களுக்கு இம்முறைமை வேண்டாவோ?

1936இல் ஹாம்பர்க் கப்பல் தளத்தில் யாவரும் நாசி வணக்கம் செலுத்த, ஒருவர் மட்டும் கைகட்டி நின்றார். அப்படத்தைத் தம் ட்விட்டர் பக்கத்தில் வைத்திருந்த உச்சநீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை, வெறுப்பூட்டும் படமெனக் கூறி 2019 அக்டோபரில் அந்நிறுவனம் முடக்கியது. அவர் டெல்லி உயர்நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. 2023 சனவரியில், பிறர் உருவாக்கிய ட்விட்டர் செயலிகள் முன்னறிவிப்பின்றித் தடுக்கப்பட்டன. தடைக்கான விதியோ ஒரு வாரம் கழித்தே எழுதப்பட்டது!

வழக்கறிஞர்க்கே இந்நிலையெனில், கைப்பேசி வழியே வணிகம் செய்யும் ஆதிச்சநல்லூர் எளியவர் எங்கே முறையிடுவர்? நிறுவனத்தின் குறைதீர் அலுவலரது முடிவை எதிர்த்து 30 நாள்களுக்குள் மேல்முறையீட்டுக் குழுவை அணுக, நடுவணரசு 2022இல் திருத்திய விதிகள் வழிசெய்கின்றன. நன்று. ஆயினும், தண்டித்தபின் கேட்பதன்று, கேட்டபின் தீர்ப்பதே நீதியென்போம்.