ஆலய முற்றத்திலிருந்து ஆரம்பமாக வேண்டிய பணி

2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புக்கு அப்பால் கடலில் தீப்பற்றி, ஜூன் மாதம் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலை எவரும் எளிதில் மறந்துவிட முடியாது. அதிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையோரத்தை மூடின. இறந்த கடலாமைகளும் டொல்பின்களும் கரையொதுங்கின. நீர்கொழும்பு முதலான பகுதிகளின் கடற்றொழிலாளர்கள் தொழிலின்றித் தவித்தனர்.

இவ்விவகாரத்தில் 2025 ஜூலையில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலரை நட்டஈடாகச் செலுத்த வேண்டுமென உத்தரவிட்டதுடன், அரச தரப்பின் தவறுகளையும் சுட்டிக்காட்டியது. சூழலியல் அமைப்பினருடனும் கடற்றொழிலாளருடனும் கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையும் மனுதாரராக நீதிமன்றத்தை நாடியிருந்தார். முத்துராஜவெல சதுப்பு நிலத்தைப் பாதுகாக்கக் கோரியும் 2021இல் அவர் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றார்.

திருச்சபைக்கு ஏன் இந்த வேலை எனக் கேட்போர் உளர். கடலும் களப்பும் அழியும்போது முதலில் பட்டினி கிடப்பவர்கள் அதன் பங்கு மக்களே என்பதுதான் அதற்கான பதிலாகும். இயற்கையைக் காப்பதும் ஏழைகளைக் காப்பதும் வெவ்வேறானவை அல்ல என்பதையே, பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலும் வலியுறுத்தியது.

எனினும், தீர்ப்பு வந்ததனால் மட்டும் கடல் தூய்மையாகிவிடுவதில்லை. நீதிமன்றத்தில் ஒலித்த குரல் ஒவ்வொரு பங்கிலும் அன்றாட நடைமுறையாக மாற வேண்டும். அதற்கான வசதி திருச்சபையிடம் இருக்கின்றது. வாரந்தோறும் மக்கள் கூடுகின்றனர். மறைக்கல்விப் பாடசாலைகளும் இளைஞர் ஒன்றியங்களும் காணிகளும் உள்ளன. அரச திணைக்களம் எதற்கும் இத்தனை கிராமங்களில் இத்தகைய நெருக்கம் கிடையாது.

மடுத் திருத்தலத்தையே எடுத்துக்கொள்வோம். காட்டின் நடுவே அமைந்துள்ள அத்தலத்தில் ஆவணித் திருவிழாவின்போது இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். அவர்கள் விட்டுச்செல்லும் பொலித்தீனும் உணவுக் கழிவும் வனவிலங்குகளுக்கு நஞ்சாகலாம். அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கை உண்ட யானைகள் மடிந்த செய்தி 2022இல் உலகெங்கும் பேசப்பட்டது. கொண்டுவந்த பொலித்தீனை யாத்திரிகர் திரும்ப எடுத்துச்செல்ல வேண்டுமென்பதைத் திருவிழா ஒழுங்காகவே அறிவிப்பதற்குப் பெரும் நிதி தேவையில்லை.

மன்னாரின் வங்காலையைப் பாருங்கள். கத்தோலிக்க மக்கள் செறிந்து வாழும் அக்கிராமத்தை அண்டிய பறவைகள் சரணாலயம் 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ரம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைகள் உட்பட ஏராளமான வலசைப் பறவைகள் அங்கு வருகின்றன. அவற்றின் பெயர்களை அவ்வூர்ச் சிறுவர்கள் அறிந்திருந்தால், சதுப்பு நிலத்தை நிரப்ப வருவோரை முதலில் தடுத்து நிறுத்துவோர் அவர்களாகவே இருப்பர். வலையில் அகப்பட்ட கடலாமையை உயிருடன் கடலில் விடுமாறு பங்குத்தந்தை மறையுரையில் கூறும் ஒரு வார்த்தைக்கு, சட்டப் புத்தகத்தைவிட அதிக வலிமை உண்டு.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான கடமையன்று. மனிதன் பூமியில் இறைவனின் பிரதிநிதி என இஸ்லாம் போதிக்கின்றது. தலவிருட்சத்தைப் போற்றுவது சைவ மரபு. ஆலயம், பள்ளிவாசல், கோவில், விகாரை ஆகியவற்றின் நிருவாகத்தினர் ஒரே களப்பின் கரையில் ஒன்றுகூடினால், இனங்களிடையே அறுந்துபோன உறவும் அங்கு துளிர்க்கக்கூடும்.

பிறரது தவறுக்கு நட்டஈடு கோருபவர்கள் தமது முற்றத்தையும் தூய்மையாக வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் அக்கோரிக்கை முழு வலுப்பெறும். அடுத்து வரும் திருவிழாவே அதற்கான தொடக்கமாக அமைய வேண்டுமென்பது எமது எதிர்பார்ப்பாகும்.