எரியும் வண்டியருகே எந்த மொழியில் எச்சரிப்பது?

“அங்குள்ள தமிழர்களுக்கு மலையாளம் தெரியுமே” என்னும் வாக்கியத்தைக் கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்கிறோம். கொழிஞ்சாம்பாறை, வாளையார், தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை என்று பேச்சு வரும்போதெல்லாம் மொழிச் சிறுபான்மையினர் பற்றிய விவாதத்தை முடித்துவைக்க இது பயன்படுகிறது. பள்ளியையும் விண்ணப்பத்தையும் பொறுத்தவரை இது அரை உண்மை. சாலையில் எரியும் வண்டியைப் பொறுத்தவரை இது ஆபத்தான பொய். இதை எடுத்துச் சொல்லும் கடமை மொழியியல் படிப்பவர்களுக்கு உண்டு.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். காரின் முன்பகுதியில் பற்றிய தீ, இருக்கைப் பகுதிக்குள் புகச் சில நிமிடங்களே போதும். 2023 பிப்ரவரி 2 அன்று கண்ணூரில் மருத்துவமனைக்குச் சென்றுகொண்டிருந்த காரில் தீப்பற்றியது. பின்னிருக்கையில் இருந்தோர் வெளியேறினர். முன்னிருக்கையில் இருந்த கர்ப்பிணியும் அவருடைய கணவரும் கதவைத் திறக்க இயலாமல் இறந்தனர். 2025 ஜூலையில் பாலக்காட்டுப் பொல்புள்ளியில், வீட்டு முற்றத்தில் நின்ற காரை இயக்கியபோது தீப்பற்றி இரு குழந்தைகள் மாண்டனர். நகரத்திலும் வீட்டு முற்றத்திலுமே நிலைமை இதுவென்றால், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மலைப்பாதைகளில் தீயணைப்பு வண்டி வளைவுகளைக் கடந்து வரும்வரை அந்த நிமிடங்கள் யாருக்கு உரியவை? ஓட்டுநருக்கும் பயணிகளுக்கும் அருகில் நிற்பவர்களுக்கும்தான்.

அந்தப் பயணிகள் யார்? தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் நெருக்கியடித்துச் செல்லும் தொழிலாளர்கள், கார்த்திகை மார்கழியில் குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகும் பக்தர்கள், வாளையாரைக் கடந்து சரக்கு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர்கள். எல்லைப்புறத் தமிழர் என்றதும் தலைமுறைகளாக அங்கே வாழ்ந்து இருமொழியும் அறிந்தவரை மட்டுமே நினைப்பது நம் ஆய்வுப் பழக்கம். சாலை அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை.

இனி மொழிக்கு வருவோம். தீ, வண்டி, ஓடு, இறங்கு என்பன இரு மொழிக்கும் பொது. இந்த நெருக்கமே நம்மை ஏமாற்றுகிறது. ‘பானெட் துறக்கருது’ என்று மலையாளத்தில் ஒருவர் கத்துகிறார் என்று கொள்வோம். பானெட்டைத் திறக்கக் கூடாது என்பது பொருள். மலையாளம் பழகாத தமிழ்க் காதில் ‘துறக்க’ என்பது பேச்சு வழக்கின் ‘தொறக்க’ என்றே விழும். தடையைத் தாங்கி நிற்பது இறுதியில் வரும் ‘அருது’. இன்றைய பேச்சுத் தமிழில் அந்த ஈறு இல்லை. தடை நழுவி, வினை மட்டும் எஞ்சுகிறது. பானெட்டைத் திறந்தால் காற்றுப் புகுந்து தீ முகத்தில் பாயும். ‘வெள்ளம் ஒழிக்கருது’ என்றால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று பொருள். தமிழில் வெள்ளம் வேறு, ஒழிப்பது வேறு. எரியும் பெட்ரோலின் மேல் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் நீரில் மிதந்து தீயைப் பரப்பும். ‘மாறி நில்க்கூ’ என்றால் விலகி நில். நமக்கோ மாறி நிற்பது இடம் மாற்றிக்கொள்வது.

சூழல் பொருளை விளக்கிவிடும் என்று பயன்வழியியல் படித்த நண்பர்கள் மறுக்கக்கூடும். வகுப்பறை எடுத்துக்காட்டுகளுக்கு அது பொருந்தும். புகை, கூச்சல், குழந்தையின் அழுகை ஆகியவற்றுக்கு நடுவே முதலில் காதுக்கு எட்டாமல் போவது சொல்லின் இறுதி அசைதான். அந்த இடத்தில்தான் எதிர்மறை உட்கார்ந்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதவும், அம்மொழியிலேயே பதில் பெறவும் வழி செய்கிறது. நல்லது. ஆனால் இது கடிதத்துக்கான உரிமை. எரியும் வண்டிக்குள் இருந்து எவரும் விண்ணப்பம் எழுதுவதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9ஆம் விதி இன்னும் வியப்புக்குரியது. ஆபத்தான சரக்கை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர் எட்டாம் அட்டவணை மொழி ஒன்றோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்கிறது அது. எச்சரிக்கை ஓட்டுநரின் மொழிக்கு இறங்கி வர வேண்டியதில்லை. ஓட்டுநர்தான் அதன் மொழிக்கு ஏறிச் செல்ல வேண்டும்! அந்த டேங்கருக்குப் பின்னால் ஜீப்பில் வருபவருக்கு, எரிவாயு டேங்கரின் பலகையில் இருக்கும் ‘2ஒய்இ’ என்ற குறியீட்டின் இறுதி எழுத்து ‘மக்களை அப்புறப்படுத்துவதைக் கருதுக’ என்று சொல்வதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? 2012 ஆகஸ்ட் 27 அன்று கண்ணூர் சாலாவில் கவிழ்ந்த எரிவாயு டேங்கர் 20 உயிர்களைக் கொண்டுபோனது. 2017இல் பாகிஸ்தானின் பகவல்பூரில் கவிழ்ந்த டேங்கரிலிருந்து சிந்திய எரிபொருளை அள்ளச் சென்றவர்களில் 200க்கும் மேற்பட்டோர் கருகினர்.

மலையாளத்தின் மீது பழி போட்டு நாம் தப்பிவிட முடியாது. நம் அலுவலகத் தமிழில் இதே அறிவுரை எப்படி வரும்? ‘வாகனத் தீ விபத்துக் காலங்களில் மேற்கொள்ளப்பட வேண்டிய முன்னெச்சரிக்கை நடவடிக்கைகள்’ என்று தொடங்கும். மூச்சு வாங்கும் பெயர்த்தொடர். அதில் ஏவல் வினை ஒன்றுகூட இல்லை. பேட்டரியை மின்கலம் ஆக்குவதில் காட்டும் அக்கறையை, ‘இறங்கு’ என்று சொல்வதில் நாம் காட்டுவதில்லை. எச்சரிக்கை என்பது கட்டளை. ஒரு வரிக்கு ஒரு வினை போதும். இப்படி எழுதிப் பார்ப்போம்:

வண்டியை ஓரம் கட்டு. என்ஜினை நிறுத்து. ஹேண்ட் பிரேக்கைப் போடு.
எல்லாரும் இறங்குங்கள். பையை எடுக்கத் திரும்பாதீர்கள்.
கதவு திறக்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடி. முன் கண்ணாடி எளிதில் உடையாது.
பானெட்டைத் திறக்காதே. தண்ணீர் ஊற்றாதே.
முப்பது மீட்டர் விலகு. மலைப்பாதையில் மேட்டுப் பக்கம் போ. எரியும் எண்ணெய் பள்ளத்துக்கு ஓடும், பிரேக் எரிந்தால் வண்டியும் உருளும்.
101 அல்லது 112ஐ அழை. எல்லையில் அழைப்பு அடுத்த மாநிலத்துக்குப் போகக்கூடும். ஊர்ப் பெயரை முதலில் சொல்.
டேங்கர் என்றால் நின்று பார்க்காதே. தொலைதூரம் ஓடு. அடுப்பைப் பற்றவைக்காதே, வண்டியை இயக்காதே.

டேங்கரே தீயில் சிக்கினால் 1600 மீட்டர் சுற்றளவை வெறுமையாக்க வேண்டும் என்கிறது வட அமெரிக்க அவசரக் கையேடு. ‘பாதுகாப்பான தொலைவில் நிற்கவும்’ என்று எழுதுவோர் இந்த எண்ணை நினைவில் வைக்கட்டும்.

என் கோரிக்கைகள் எளியவை. எல்லைச் சோதனைச் சாவடிகளிலும் ஜீப் நிறுத்தங்களிலும் இந்த வரிகள் தமிழிலும் மலையாளத்திலும் பக்கம் பக்கமாக நிற்க வேண்டும். இரு மாநிலத் தீயணைப்புத் துறைகளும் சேர்ந்து எழுத வேண்டும். எழுதியதைத் தோட்டத் தொழிலாளரிடம் படித்துக்காட்டி, புரியாத சொல்லை நீக்க வேண்டும். அந்தப் பரிசோதனை மொழியியல் துறைகளின் வேலை. தேவிகுளத்து வட்டார வழக்கைப் பதிவு செய்து பட்டம் பெறுவோர், அவ்வழக்கைப் பேசுவோர் ஒரு தடைச் சொல்லை எந்த வேகத்தில் புரிந்துகொள்கிறார்கள் என்றும் அளந்து பார்க்கட்டும். வரும் பருவத்துக் களப்பணிக்கு இதைவிட அவசரமான தலைப்பு எனக்குத் தெரிந்து இல்லை. மறுப்புள்ளவர்கள் எழுதுங்கள், ‘அவர்களுக்கு மலையாளம் தெரியுமே’ என்று மட்டும் எழுதாதீர்கள்.