செடியும் ஊரும்

காவேரிப் பாசனத்து ஊர்களில் மரஞ்செடிகளிடமிருந்து தம் பெயரைப் பெற்றவை அநேகம். தில்லை மரங்கள் அடர்ந்த வனமாக இருந்தபடியால் சிதம்பரம் தில்லையாயிற்று. அந்த மரம் பிச்சாவரத்து உப்பங்கழியில் இன்றும் செழித்து நிற்கிறது, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தஞ்சையை அடுத்துப் புன்னைநல்லூர் இருக்கிறது. நீடாமங்கலத்தில் வெண்ணாற்றிலிருந்து பிரிந்து போவது கோரையாறு.

பிற்காலத்தில் இந்த முறை தலைகீழாகி, ஊர்கள் செடிகளுக்குப் பெயர் கொடுக்கத் தொடங்கின. நம் வாய்க்கால்களை அடைத்துக் கடைமடைக்குத் தண்ணீர் போகவிடாமல் செய்யும் நெய்வேலிக் காட்டாமணக்கையே எடுத்துக்கொள்ளலாம். அது நெய்வேலியில் பிறந்ததன்று. அமெரிக்கக் கண்டத்து உஷ்ணப் பிரதேசங்களே அதன் ஜன்மபூமி. காட்டாமணக்கின் வம்சமும் அன்று. வெளிர் ரோஜா நிறத்துப் பூவொன்றைப் பறித்துச் சர்க்கரைவள்ளிக் கொடியின் பூவோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பத்தவை என்பது கண்கூடு. ஆனாலும் இந்தப் பெயரைப் பிழையென்று தள்ளும் படிப்பாளிகளோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஒடித்தால் பால் வடிவதையும், ஆடு வாய் வைக்காததையும், வெட்டிய தண்டு ஈரம் பட்ட இடத்தில் வேர்விடுவதையும் கண்டு, அந்த லக்ஷணங்களெல்லாம் பொருந்திய பழைய செடியின் பெயரைக் கொடுத்த குடியானவர், இது நம் காட்டாமணக்கு அன்று, வெளியிலிருந்து வந்தது என்பதையும் உணர்த்தவே ஓர் ஊரின் பெயரை முன்னே சேர்த்தார். முன் தலைமுறையினர் கருவேலுக்கும் அகத்திக்கும் ‘சீமை’ சேர்த்தது போலத்தான் இதுவும். பத்திரிகைகள் ஆகாயத்தாமரை என்று எழுதுவதை வயலில் இறங்குகிறவர்கள் வெங்காயத்தாமரை என்கிறார்கள். உப்பிய இலைக்காம்பைக் கையிலெடுத்து நறுக்கி, உள்ளே நிறைந்திருக்கும் காற்றறைகளைப் பார்த்தவர்க்கு எந்தப் பெயர் மேலானது என்று சொல்ல வேண்டியதில்லை.

சாஸ்திரம் கற்றவர்கள் செய்ததும் இதுவேதான். லின்னேயஸிடம் பயின்ற கோனிக் என்பவர் 1768-இல், டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்து, சோழ நாட்டுச் செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். நம் கறிவேப்பிலை அவர் பெயரால் ‘கோனிகி’ என்றே தாவர நூல்களில் வழங்குகிறது. சளிக்கும் இருமலுக்கும் இலைச்சாறு பிழிந்து கொடுக்கிறார்களே, அந்தத் தவசி முருங்கைக்கு ‘ஜஸ்டிசியா டிராங்குபாரியென்சிஸ்’ என்று பெயர். டிராங்குபார் என்பது ஐரோப்பியர் நாவில் தரங்கம்பாடி. முருங்கை இனத்தோடு அதற்கு யாதொரு சம்பந்தமும் கிடையாது. வெளியூர்களிலும் அது விளையத்தான் செய்கிறது. கிடைத்த இடத்தின் பெயரைப் பண்டிதர்கள் வைத்தார்கள். அதை மதித்துப் பாடம் பண்ணுகிற நாம் குடியானவரின் பெயரை மட்டும் ஏன் அலட்சியம் செய்ய வேண்டும்?

ஊர் ஊராகச் சென்று இப்பெயர்களை எழுதி வைக்கும் வேலையை நம் வேளாண் கல்லூரி மாணவர்கள் மேற்கொள்வது அவசரமான காரியம் என்பது என் துணிபு. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறப்பதற்கு முன், ஆறுகளும் வாய்க்கால்களும் தூர்வாரப்படும் சித்திரை வைகாசியே அதற்கு ஏற்ற காலம். வெட்டிய செடிகளெல்லாம் கரையில் கிடக்கும், ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி இனம் காட்டக்கூடியவர்களும் அங்கேயே இருப்பார்கள்.