ஓர் இரவு தங்கினால் ஓர் ஊர் பிழைக்கும்!

ஆஸ்திரேலியாவில் பேர்ட்ஸ்வில் என்று ஓர் ஊர் இருக்கிறது. குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், பாலைவனத்தின் ஓரத்தில் அமைந்த ஊர். 2021-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி அங்கே குடியிருப்பவர்கள் சுமார் 110 பேர்தான்! நம் பக்கத்தில் ஒரு கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு உட்காருகிறவர்களே அதைவிட அதிகம் இருப்பார்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை, செப்டம்பர் மாதத்தில், அந்த ஊரில் குதிரைப் பந்தயம் நடக்கும். 1882-ல் தொடங்கிய பந்தயம் அது. அதைப் பார்க்க ஆயிரக்கணக்கானவர்கள் மோட்டாரிலும் சிறு விமானங்களிலும் வந்து இறங்குவார்கள். ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கூடாரமாக இருக்கும். பந்தயம் முடிந்ததும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு எல்லோரும் போய்விடுவார்கள். மறுபடியும் அதே 110 பேர்!

வருஷத்தின் மற்ற நாட்களில் அந்த 110 பேரும் எப்படிப் பிழைக்கிறார்கள்? இது பேர்ட்ஸ்வில்லுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. ஆஸ்திரேலியாவின் உட்பகுதி முழுவதும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் எல்லாவற்றுக்கும் உரிய கேள்வி.

அகன்ற பூமி, குறைந்த ஜனம்

ஆஸ்திரேலியா, இந்தியாவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பெரிய நாடு. ஆனால் அங்கே வசிப்பவர்கள் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் பேர்தான். 2011-ம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டில் மட்டும் 7 கோடியே 21 லட்சம் பேர் இருந்தார்கள். இதிலிருந்தே நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த 2 கோடியே 70 லட்சம் பேரிலும் பெரும்பாலோர் கடற்கரை ஓரத்து நகரங்களில் இருக்கிறார்கள். உள்ளே போகப் போகச் செம்மண்ணும் முட்புதரும்தான். இந்த உட்பகுதியை அந்த நாட்டார் “அவுட்பேக்” என்று சொல்கிறார்கள்.

பேர்ட்ஸ்வில்லிலிருந்து தெற்கே மாரி என்ற ஊருக்கு 517 கிலோ மீட்டர் நீளமுள்ள ஒரு பாதை போகிறது. கிட்டத்தட்டச் சென்னையிலிருந்து கோயம்புத்தூர் செல்லும் தூரம். வழியில் பெட்ரோல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று. முங்கரானி என்ற இடத்தில் இருக்கும் ஓட்டல்!

ஓட்டல்தான் ஊரின் உயிர்

இப்படிப்பட்ட ஊர்களில் ஓட்டல் என்பது சாப்பாட்டுக் கடை மட்டும் அல்ல. படுக்கை அங்கேதான், மதுக்கடை அங்கேதான். பல இடங்களில் பெட்ரோலும் அங்கேதான். எந்தப் பாதையில் வெள்ளம், எந்தப் பாதை மூடியிருக்கிறது என்ற செய்தியும் அங்கேதான் கிடைக்கும். பேர்ட்ஸ்வில் ஓட்டல் 1884-ல் கட்டப்பட்டது. இன்றும் அதே இடத்தில் நிற்கிறது.

ஓட்டல் மூடப்பட்டால் என்ன ஆகும்? பெட்ரோல் கிடைக்காது. பெட்ரோல் இல்லாத பாதையில் யார் வருவார்கள்? யாரும் வராத ஊரில் கடை வைப்பவர் யார்? கடை இல்லை என்றால் குடும்பங்கள் கிளம்பிவிடும். குழந்தைகள் போனால் பள்ளிக்கூடமும் போய்விடும். ஒரு கதவு சாத்தப்படுவதில் தொடங்கி, கடைசியில் ஊரே சாத்தப்பட்டுவிடும்.

ஆகவே, அங்கே வந்து தங்கும் ஒவ்வொரு விருந்தாளியும் ஊரைத் தாங்கும் ஒரு கை.

பூமிக்கு அடியில் படுக்கை!

தங்குவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கூபர் பீடி என்ற ஊரைப் பாருங்கள். அடிலெய்டு நகரிலிருந்து வடக்கே சுமார் 850 கிலோ மீட்டர். 1915-ல் 14 வயதுச் சிறுவன் ஒருவன் அங்கே “ஓப்பல்” என்ற ரத்தினக் கல்லைக் கண்டெடுத்தான். அதிலிருந்து ஊர் பிறந்தது.

கோடையில் அங்கே வெயில் 45 டிகிரியையும் தாண்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? கல் எடுக்கக் குன்றைக் குடைந்தவர்கள், குடைந்த இடத்திலேயே குடும்பம் நடத்தத் தொடங்கினார்கள்! வீடு பூமிக்கு அடியில். மாதா கோவிலும் பூமிக்கு அடியில். வெளியே அனல் வீசும்போது உள்ளே 23 அல்லது 24 டிகிரிதான் இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கும் அங்கே பாதாள அறைகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. ஒரு சத்தமும் கேட்காது.

ஊரைச் சுற்றிலும் ஆழமான சுரங்கக் குழிகள். “பின்பக்கமாக நடக்காதீர்கள்” என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். படம் எடுப்பதற்காக ஓர் அடி பின்னால் வைத்தால் ஆபத்து!

தூரத்தை வென்ற மனிதர்கள்

இந்தப் பூமியில் மனிதர்கள் குடியிருக்க முடிந்ததே, ஒருவரை ஒருவர் மறக்காமல் இருந்ததால்தான்.

ஜான் பிளின் என்ற பாதிரியார், வைத்தியம் கிடைக்காமல் இங்கே ஜனங்கள் சாவதைக் கண்டு, டாக்டரை விமானத்தில் அனுப்பும் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1928-ம் ஆண்டு மே மாதம், குளோன்கரி என்ற ஊரிலிருந்து முதல் டாக்டர் விமானம் பறந்தது. ஆல்பிரட் டிரேகர் என்பவர், சைக்கிள் போல் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் ரேடியோவைச் செய்து கொடுத்தார். நூறு மைலுக்கு அப்பால் இருந்த தாயும் தன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று டாக்டருக்குச் சொல்ல முடிந்தது. 1951-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் ரேடியோவிலேயே பள்ளிக்கூடம் தொடங்கியது. இன்று அந்தப் பாடங்கள் இண்டர்நெட்டில் நடக்கின்றன. டாக்டர் விமானங்கள் இன்றும் பறக்கின்றன.

அதே பழக்கம்தான் இன்று பிரயாணிக்கும் காவல். புறப்படும்போது, எங்கே போகிறோம், என்றைக்குப் போய்ச் சேருவோம் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். சேர்ந்ததும் தகவல் கொடுக்க வேண்டும். வந்து சேரவில்லை என்றால் தேடத் தொடங்குவார்கள். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நகரக்கூடாது. விமானத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு வண்டி தெரியும், மனிதன் தெரியமாட்டான்.

1963-ம் ஆண்டு டிசம்பரில், ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் பேர்ட்ஸ்வில் பாதையில் சென்றது. பாதை தவறியது, பெட்ரோல் தீர்ந்தது. வண்டியை விட்டு இறங்கி நடந்தார்கள். ஐந்து பேரும் தாகத்தால் மாண்டார்கள். அந்தத் துயரத்தை அங்கே இன்னும் சொல்லி எச்சரிக்கிறார்கள்.

எண்ணப்படாதவர்கள்

இந்த ஊர்கள் எல்லோரையும் எப்போதும் ஒன்றாகப் பார்த்தன என்று சொல்லிவிட முடியாது.

ரயிலும் லாரியும் வருவதற்கு முன் இந்த ஊர்களுக்கு அரிசி, மாவு, கம்பி எல்லாம் ஒட்டகத்தின் முதுகில்தான் போயின. அந்த ஒட்டகங்களை ஓட்டியவர்கள் ஆப்கானிஸ்தானிலிருந்தும், அன்றைய இந்தியாவின் பஞ்சாப், சிந்து, பலுசிஸ்தான் பகுதிகளிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள். எல்லோரையும் “ஆப்கான்” என்றே அழைத்தார்கள். அடிலெய்டிலிருந்து டார்வின் வரை ஓடும் “கான்” ரயிலின் பெயர் அவர்களுடைய நினைவுதான். ஆனால் மாரி ஊரில் அவர்கள் ரயில் பாதைக்கு ஒரு பக்கம். வெள்ளையர்கள் மறு பக்கம்!

அந்த மண்ணின் பழங்குடி மக்களின் கதை இன்னும் கொடுமையானது. நாட்டின் ஜனத்தொகையைக் கணக்கிடும்போது அவர்களைச் சேர்க்கக்கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. 1967-ல் பொது வாக்கெடுப்பு நடத்தி அதை நீக்கினார்கள். 100-க்கு 90 பேருக்கு மேல் நீக்கச் சொல்லி ஓட்டுப் போட்டார்கள். இன்று பல இடங்களுக்குள் போக, நிலத்துக்கு உரிய பழங்குடி மக்களின் அனுமதி வேண்டும். விருந்தாளி அதை மதிக்க வேண்டும். அவர்கள் புனிதமாகக் கருதும் உலூரு மலையில் ஏறுவதும் 2019-ல் நிறுத்தப்பட்டது.

கடந்து போகிறவர்கள்

இன்று இந்த ஊர்களின் கவலை வேறு. வருகிறவர்கள் இருக்கிறார்கள், தங்குகிறவர்கள் குறைவு.

படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் அடங்கிய வீட்டு வண்டியை மோட்டாருக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு, ஓய்வு பெற்ற தம்பதிகள் நாடு முழுவதும் சுற்றுகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் சிலர் பெரிய நகரத்திலேயே ஒரு மாதத்துக்கு வேண்டிய சாமான்களை ஏற்றிக்கொள்கிறார்கள். சிற்றூரின் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, கழிவைக் கொட்டிவிட்டு, ஒரு ரொட்டிகூட வாங்காமல் போய்விடுகிறார்கள். ஊருக்கு மிச்சம் புழுதிதான்!

“சிற்றூரில் விலை அதிகமாக இருக்கிறதே?” என்று கேட்பார்கள். அதிகம்தான். ஒவ்வொரு மூட்டையும் நூற்றுக்கணக்கான கிலோ மீட்டர் லாரியில் வர வேண்டும். அந்த வாடகையும் விலையில் சேராமல் இருக்குமா? அந்தக் கடை இருப்பதால்தான், நடுவழியில் டயர் வெடித்தவனுக்கு உதவி கிடைக்கிறது. ஆபத்துக்கு மட்டும் ஊர் வேண்டும், செலவுக்கு வேண்டாம் என்பது என்ன நியாயம்?

பல ஊர்கள் தாங்களே முன்வந்து, இலவசமாகவோ சொற்பக் கட்டணத்துக்கோ வண்டி நிறுத்த இடம் கொடுக்கின்றன. “தங்குங்கள், நம் கடையில் நாலு சாமான் வாங்குங்கள்” என்பதுதான் அந்த அழைப்பின் பொருள்.

தங்கினால் ஊரார்

இதில் தமிழர் சம்பந்தப்பட்ட ஒரு செய்தியும் உண்டு.

பிலோயலா என்பது குவீன்ஸ்லாந்தில், கடற்கரையிலிருந்து 120 கிலோ மீட்டர் உள்ளே இருக்கும் ஊர். பாலைவனத்து ஊர் அல்ல. நிலக்கரிச் சுரங்கமும் மாட்டிறைச்சிச் சாலையும் உள்ள நாட்டுப்புறத்து ஊர். சுமார் 6 ஆயிரம் ஜனங்கள். படகில் அடைக்கலம் தேடி வந்த இலங்கைத் தமிழர் குடும்பம் ஒன்று அங்கே தங்கியது. கணவர் இறைச்சிச் சாலையில் வேலை பார்த்தார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

2018-ம் ஆண்டு மார்ச் மாதம், விசா காலம் முடிந்தது என்று ஒரு விடியற்காலையில் அதிகாரிகள் வந்து நாலு பேரையும் கொண்டு போனார்கள். பெரிய நகரமாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரிந்திருக்காது. பிலோயலாவில் ஊருக்கே தெரிந்துவிட்டது! “எங்கள் ஊர்க் குடும்பம் எங்கே?” என்று கேட்கத் தொடங்கினார்கள். மனுப் போட்டார்கள், தலைநகர் வரை போனார்கள். குடும்பம் கிறிஸ்துமஸ் தீவுக்கு அனுப்பப்பட்ட பிறகும் ஊர் ஓயவில்லை.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 ஜூன் மாதம், அந்தக் குடும்பம் பிலோயலாவுக்கே திரும்பி வந்தது. ஆகஸ்டில் நிரந்தரமாக வசிக்க அனுமதியும் கிடைத்தது. அடைக்கலச் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அந்த நாட்டில் பலவிதமான கருத்து உண்டு. ஆனால் தன் நடுவில் தங்கியவர்களைத் தன்னவர்களாக எண்ணிக்கொண்ட ஊரின் குணத்தை யாரும் மறுக்க முடியாது.

இன்று ஆஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வசிக்கின்றன. பிள்ளைகளைப் பார்க்க இங்கிருந்து பெற்றோர்கள் போகிறார்கள். சிட்னியில் பாலம், மெல்போர்னில் கடைத் தெரு என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அடுத்த முறை ஓர் உள்நாட்டு ஊருக்கும் போய் வரட்டும். அங்கே வெயில் தணிந்திருக்கும் மே மாதம் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். வேண்டியதற்கு மேல் தண்ணீரும், பெட்ரோல் நிறைந்த வண்டியும் இருக்கட்டும். கங்காரு குறுக்கே பாயும் அந்தி வேளைக்கு முன் ஊர் போய்ச் சேரட்டும்.

சேர்ந்த பிறகு, மறுநாள் காலையிலேயே அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். ஒரு வேளை அங்கே சாப்பிட்டு, ஓர் இரவு அங்கே படுத்து, கடைக்காரரோடு நாலு வார்த்தை பேசிவிட்டு வரட்டும். புறப்படும்போது “எங்கே போகிறீர்கள்? என்றைக்குப் போய்ச் சேருவீர்கள்?” என்று அவர் கேட்பார். அது வம்புக் கேள்வி அல்ல. போய்ச் சேராவிட்டால் தேடுவதற்கு ஒரு மனிதர் இருக்கிறார் என்று அர்த்தம்.