மலிவுக் கார் யாருக்கு மலிவு?

போட்டி வந்தால் விலை விழும் என்று முதலாளித்துவப் பொருளாதாரப் பண்டிதர்கள் ஓதுகிறார்கள். அவர்களுக்கு நாம் ஒரு காரைக் காட்டுகிறோம்.

2019 ஜூலையில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி புதிய கார்வெட் காரை அறிமுகப்படுத்தியது. ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால் என்ஜின். ஆரம்ப விலை 59,995 டாலர். இதே அமைப்புள்ள பெராரி கார் அப்போது இரண்டரை லட்சம் டாலருக்கும் மேல். பெராரிக்குச் சக்தி அதிகம்தான். நாலு மடங்கு விலைக்கு ஈடான சக்தியா அது?

பெராரி சரிந்ததா? இல்லை. 2019இல் 10,131 கார் விற்ற கம்பெனி 2023இல் 13,663 விற்றது. அங்கே சீமான்கள் வாங்குவது என்ஜினை அல்ல, அடுத்தவனிடம் இல்லாத ஒன்றை! நடுவில் நின்றவர்கள்தான் களத்தை விட்டுப் போனார்கள். ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் விலை சொன்ன ஹோண்டாவின் என்.எஸ்.எக்ஸ். 2022இல் நின்றது, ஆடி ஆர்-8 2024இல் நின்றது. கார்வெட் ஒன்றே காரணம் என்று நாம் சாதிக்கவில்லை, என்.எஸ்.எக்ஸ். முன்பே தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது.

சரி, மலிவு யாருக்கு? ஜி.எம். ஆலைகளில் அன்று புதிதாகச் சேர்ந்த தொழிலாளிக்கு மணிக்குச் சுமார் 17 டாலர். பக்கத்தில் அதே வேலை செய்யும் பழைய தொழிலாளிக்கு ஏறத்தாழ இரு மடங்கு. புதியவர் இந்த 'மலிவு'க் காரை வாங்க, ஒன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட கூலியை உண்ணாமல் உடுக்காமல் அப்படியே கொடுக்க வேண்டும்.

இந்த அநீதியை எதிர்த்துத்தான் அவ்வாண்டு செப்டம்பரில் சுமார் 48,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் குதித்தார்கள். 40 நாள் நின்றார்கள். கார்வெட் கட்டும் கெண்டக்கி மாநிலத்து பவுலிங் கிரீன் ஆலையும் நின்றது. 2019 முடிவதற்குள் வரவேண்டிய கார், 2020 பிப்ரவரியில்தான் உற்பத்திக்கு வந்தது.